தேர்வில் கூடுதல் நேரம்: சலுகையா, உரிமையா?

2021 செப்டம்பரில் நடந்த நீட் தேர்வு. நேரம் முடிந்ததும் எல்லோரிடமும் விடைத்தாளை வாங்கியதுபோல அந்த மாணவியிடமும் வாங்கிவிட்டார்கள். எழுதுவதையே சிரமமாக்கும் 'டிஸ்கிராஃபியா' அவருக்கு இருந்தது. விதிப்படி இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்திருக்க வேண்டும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நடந்தது அநீதி என்று நவம்பரில் தீர்ப்பு வந்தது. ஆனால், மறுதேர்வு கிடைக்கவில்லை. பாதிப்பைச் சரிசெய்ய என்ன செய்யலாம் என்று பரிசீலிக்கும்படி தேர்வு முகமைக்கு உத்தரவிட்டதோடு சரி.

தேர்வு நாளில் பறிபோன நேரத்தை நீதிமன்றம்கூட திருப்பித் தர முடிவதில்லை. அதனால் இந்த விஷயத்தைப் பள்ளியிலேயே, முன்கூட்டியே முடித்துவிட வேண்டும்.

நம் ஊரில் என்ன நடக்கிறது? "நல்லா பேசுறான், எழுதச் சொன்னாதான் சோம்பேறித்தனம்" என்று டீச்சர் சொல்வார். வீட்டிலும் இரண்டு அடி விழும். பத்தாம் வகுப்பு வந்த பிறகுதான் யாராவது 'டிஸ்லெக்சியாவா இருக்குமோ' என்று கேட்பார்கள்.

சட்டம் இதை எப்போதோ யோசித்துவிட்டது. 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அப்போதுதான் உள்ளே வந்தன. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிவது பள்ளியின் வேலை என்கிறது பிரிவு 16. அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடத்தில் விலக்கு ஆகியவை பிரிவு 17-ல் இருக்கின்றன. 'சலுகை' என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். சட்டத்தின் பெயரிலேயே உரிமை என்றுதான் இருக்கிறது.

"உங்க பிள்ளைக்கு 40 சதவீதம் இல்லையே" என்று திருப்பி அனுப்புவது இன்னொரு வழக்கமான பதில். கையெழுத்து வராத ஒருவர் யுபிஎஸ்சி தேர்வுக்காகத் தொடுத்த வழக்கில், எழுதுபவரை வைத்துக்கொள்ள 40 சதவீதம் கட்டாயமில்லை என்று 2021 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சிறப்புப் பயிற்றுநர்கள் இருந்தால் பாதிப் பிரச்சினை வகுப்பிலேயே தீரும். தொடக்கப் பள்ளியில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று 2021-ல் நீதிமன்றம் கணக்கு சொன்னது. பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. தமிழகத்தில் அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையத்திலிருந்துதான் பயிற்றுநர்கள் வந்து போகிறார்கள். உங்கள் பள்ளிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு வையுங்கள்.

மருத்துவச் சான்றிதழ், தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பம் என்று நடைமுறைக்கு நாளாகும். பொதுத்தேர்வு வருஷம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று, பழக்கம். வாயால் விடை சொல்வது தனித் திறமை. கணக்கில் ஒவ்வொரு ஸ்டெப்பையும், அறிவியலில் படத்தின் பாகங்களையும் எங்கே எழுத வேண்டும் என்று சொல்லத் தெரிய வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரிடம், பொதுத்தேர்வு அன்றைக்கு முதல்முறையாக அதைச் செய்யச் சொன்னால் பிள்ளை திணறத்தான் செய்யும். ஆறாம் வகுப்பு காலாண்டுத் தேர்விலேயே கேளுங்கள்: "எழுதறதுக்கு ஒருத்தரை வெச்சுப் பார்க்கலாமா சார்?"