ஒன்று இரண்டாகத் தெரிந்தால்...



விதை, உரம், பூச்சிமருந்து என்று பேசுகிறவன் இன்றைக்குக் கண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். காலையில எழுந்தா எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்று சொல்பவர்களைக் கிராமங்களில் அவ்வப்போது பார்க்கிறேன். ஒரு வரப்பு இரண்டு வரப்பாகத் தெரிந்தால் எதில் காலை வைப்பது? சிலர் கண்ணேறு என்று மந்திரிக்கப் போகிறார்கள். சிலர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். இதனால் நாள்தான் வீணாகிறது. கோளாறு பெரும்பாலும் கண்ணுக்குள் இல்லை. கண்ணை அசைக்கும் நரம்பில் இருக்கிறது.

ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாகத் திரும்பினால்தான் ஏர் நேராகப் போகும். நம் இரண்டு கண்களும் அப்படித்தான். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் கயிறு போலப் பிடித்து இழுக்கின்றன. அந்தத் தசைகளுக்கு மூளையிலிருந்து கட்டளை கொண்டுவருபவை மூன்று நரம்புகள். டாக்டர்கள் இவற்றை 3-ஆம் நரம்பு, 4-ஆம் நரம்பு, 6-ஆம் நரம்பு என்பார்கள். ஒன்று சோர்ந்தாலும் ஒரு கண் பின்தங்கிவிடும். இரண்டு கண்ணும் இரண்டு திசையைப் பார்க்க, ஒரு பொருள் இரண்டாகத் தெரியும்.

6-ஆம் நரம்பு கெட்டால் கண் மூக்குப் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். தூரத்தில் வரும் பஸ் பக்கத்துப் பக்கத்தில் இரண்டாகத் தெரியும். 4-ஆம் நரம்பு கெட்டால் படி இறங்கும்போதும் கீழே பார்க்கும்போதும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். 3-ஆம் நரம்பு கெட்டால் இமையே தொங்கிக் கண்ணை மூடிவிடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு கண்ணைக் கையால் மூடுங்கள். பிறகு அதைத் திறந்து மற்றக் கண்ணை மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகத் தெரிந்தால், இரண்டு கண்ணும் ஒத்துப் போகவில்லை என்று பொருள். ஒரு கண்ணை மூடிய பிறகும் இரண்டாகவே தெரிந்தால், திறந்திருக்கும் கண்ணிலேயே புரை போன்ற கோளாறு இருக்கலாம்.

நரம்பு ஏன் சோர்கிறது? ஐம்பது வயது தாண்டியவர்களிடம் முக்கியமான காரணம் சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும்தான். நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மயிரிழை போன்ற குழாய்கள் அடைபடுகின்றன. வாய்க்கால் தூர்ந்தால் கடைமடைப் பயிர் வாடுகிற கதைதான். மரத்திலிருந்து விழுந்தோ, வண்டி கவிழ்ந்தோ தலையில் அடிபட்டாலும் இந்த நரம்புகள் பாதிக்கப்படும். மூளையில் கட்டி, ரத்தக்குழாய்ப் புடைப்பு, பக்கவாதம் ஆகியவையும் காரணமாகலாம். எது என்று டாக்டர்தான் சொல்ல முடியும். ஆகவே திடீரென்று இரண்டாகத் தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இனி ஆறுதலான செய்தி. சர்க்கரையாலும் கொதிப்பாலும் வந்ததென்றால், பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். அதற்கென்று சொட்டு மருந்து கிடையாது. ஆனால் சர்க்கரையையும் கொதிப்பையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் வரலாம். சிறுநீரகம், இருதயம், கால் நரம்பு எல்லாம் அடுத்தடுத்துக் கெடும். தனக்குச் சர்க்கரை இருப்பதே இந்தக் கண் கோளாறு வந்த பிறகுதான் சிலருக்குத் தெரிகிறது. அடிபட்டு வந்தது தேற ஆறு மாதமோ அதற்கு மேலோ பிடிக்கலாம். அதன் பிறகும் மாறுகண் நிலைத்துவிட்டால், அதற்கென்று தனிக் கண்ணாடியும் அறுவை சிகிச்சையும் உண்டு.

அதுவரை என்ன செய்வது? பெரியவர்கள் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டால் பார்வை ஒன்றாகும். அது இடைக்கால வசதி, வைத்தியம் ஆகாது. ஒற்றைக் கண்ணில் தூரமும் ஆழமும் சரியாகப் பிடிபடாது. டிராக்டர், மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, மரம் ஏறுவது, கதிரடிக்கும் இயந்திரத்தில் கை வைப்பது, கிணற்றோரம் நடப்பது எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். குழந்தைகளுக்கு மாறுகண் வந்தால் நீங்களாகக் கண்ணைக் கட்டிவிடாதீர்கள், பார்வையே மங்கிப்போகலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

சில அறிகுறிகள் தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இதுவரை வராத கடுமையான தலைவலி, இமை தொங்கி, அந்தக் கண்ணின் கண்மணி மற்றதைவிடப் பெரிதாக விரிந்திருத்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கைகால் துவளுதல், தலைவலியுடன் வாந்தி, தலையில் அடிபட்ட பின் மயக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

நம் தொழிலில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ராத்திரி தரையில் படுத்தவர் விடியும்போது இமை தூக்க முடியாமல், இரண்டாகத் தெரிகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால், கட்டுவிரியன் கடித்திருக்கலாம். வீக்கம் இருக்காது, கடிவாயும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். வயிற்றுவலியும் வரலாம். அடுத்து மூச்சு நிற்கும் அபாயம் உண்டு. பச்சிலை, மந்திரம் என்று நேரத்தைக் கழிக்காமல் விஷமுறிவு ஊசி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தேவைப்பட்டால் மூச்சுக் கருவி வைத்துப் பிழைக்க வைக்கிறார்கள். இமையும் சில நாளில் தேறிவிடும். களத்தில் காவல் படுப்பவர்கள் கட்டிலில், கொசுவலை கட்டிப் படுப்பது நல்லது.

பெருமக்களே! மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடாதீர்கள் என்று உங்களிடம் அடிக்கடி சொல்கிறவன் நான். அதே பழக்கம் உடம்புக்கும் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் கொதிப்பும் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். நாற்பது வயது தாண்டியவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை கொடுத்தால் விடாமல் சாப்பிடுங்கள். வரப்பு ஒன்றாகவே தெரியட்டும்.