வெட்டுவது பாக்டீரியா, நிறுத்துவது யார்?

வாசகர் கடிதங்கள் பலவற்றில் நைசினும் பால்புரதப் பெப்டைடுகளும் ஒன்றாகவே எண்ணப்படுவதால், முதலில் இரண்டையும் பிரித்துவிட வேண்டியுள்ளது. நைசின், லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்னும் பாக்டீரியா தன் மரபணுவைக் கொண்டு தானே உருவாக்கும் நுண்ணுயிர்க்கொல்லி. அமெரிக்காவில் 1988-லேயே பாலாடைக்கட்டிப் பண்டங்களுக்கு அனுமதி பெற்றது. கேசிசின் போன்ற பால்புரதப் பெப்டைடுகளோ பாலின் முதன்மைப் புரதமான கேசினுக்குள், பசுவின் மரபணு கோத்து வைத்தபடியே கிடக்கும் துண்டுகள். பாக்டீரியாவின் பங்கு வெட்டு வேலை மட்டுமே. இரண்டையும் 'இயற்கைப் பாதுகாப்பான்' என்ற ஒரே பெயரில் அடக்குவது விற்பனைக்கு வசதியானது, விளக்கத்துக்கு அன்று.

அந்த வெட்டு பசியில் தொடங்குகிறது. பாலில் வளரும் லாக்டிக் பாக்டீரியாக்களுக்கு அமினோ அமிலங்கள் பலவற்றைத் தாமே ஆக்கிக்கொள்ளும் திறன் இல்லாததால், செல் உறையின் வெளிப்புறத்தில் பொருந்திய புரதம் பிளக்கும் நொதியால் கேசின் சங்கிலியை நறுக்கி, சிறு துண்டுகளை உள்ளிழுத்து, அங்கே தனித்தனி அமினோ அமிலங்களாக உடைத்து உண்கின்றன. வெளியே மிஞ்சும் துண்டுகளில் சில, பிற பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்க வல்லவை. அயர்லாந்தின் கார்க் மாவட்டத்திலுள்ள மூர்பார்க் ஆய்வு மையத்தினர், கேசினின் உப்பான சோடியம் கேசினேட்டை லாக்டோபேசில்லஸ் அசிடோஃபிலஸ் கொண்டு நொதிக்கவைத்துப் பெற்ற கேசிசின் ஏ, பி என்னும் துண்டுகள், பச்சிளங்குழந்தைகளுக்கான பால்பவுடரில் அஞ்சப்படும் குரோனோபாக்டர் சகசாக்கி என்னும் கிருமியை எதிர்ப்பதாக 2006-இல் வெளியிட்டனர்.

இவ்விரு துண்டுகளும் இருக்கும் இடம் கவனிக்கத்தக்கது. கேசின் வகைகளுள் ஒன்றான ஆல்ஃபா எஸ்1 கேசினின் 199 அமினோ அமிலங்களில் முதல் 23-ஐக் கன்றின் இரைப்பை நொதியான கைமோசின் துண்டித்தால், இஸ்ரேலிய ஆய்வாளர்கள் முன்பே அறிந்திருந்த இஸ்ராசிடின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடு கிடைக்கும். அந்த 23-இல் முதல் ஐந்தைத் தள்ளினால் அடுத்த ஒன்பது கேசிசின் ஏ, அதற்கடுத்த எட்டு கேசிசின் பி, எஞ்சுவது ஒன்று. ஒரே கரும்பை இருவர் வெவ்வேறு கணுவில் வெட்டியதைப் போன்றது இது.

சிக்கலும் இங்கேதான். பாக்டீரியாவுக்கு ஆயுதம் செய்யும் நோக்கம் ஏதும் இல்லை. நொதித்தல் நீண்டால் அதே நொதிகள் கேசிசினையும் இரையாக்கிவிடக்கூடும். ஆகவே 'பாக்டீரியா தயாரிக்கிறது' என்ற கூற்றில் பாதிதான் உண்மை. தயாரிப்பு என்பது, உரிய நேரத்தில் நொதித்தலை நிறுத்தி, கலவையிலிருந்து வேண்டிய துண்டைப் பிரித்தெடுக்கும் மனித வேலையே. ஆய்வகத் தட்டில் கிருமியைத் தடுத்த துண்டு, கொழுப்பும் உப்பும் நிறைந்த உணவிலும் அவ்வாறே செயல்படும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

வாசகர்களின் பிற கேள்விகளுக்கு ஒவ்வொரு வரியில் பதில்.

வீட்டுத் தயிரில் இத்தகைய துண்டுகள் இருக்குமா? இருக்கலாம், ஆனால் தயிரைக் காப்பது பெரும்பாலும் அதன் புளிப்பே.

விழுங்கினால் உடலில் நிலைக்குமா? இரைப்பை, குடல் நொதிகள் மேலும் வெட்டக்கூடும்.

பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு? மூலப்பொருள் கேசின் என்பதால், ஆபத்தற்றது என்று கொள்ள இயலாது.

பச்சிளங்குழந்தைகளுக்கான பால்பவுடரைக் கரைக்கும் முறை இதனால் மாறுமா? மாறாது, 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத நீரில் கரைக்க வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வழிகாட்டுதலையே பின்பற்ற வேண்டும்.