உயரம் கூட்டும் காலணிகள்: அணிவோர் அறிய வேண்டியவை

திருமண நாளில் மணமகனுக்கு இணையாக நிற்க விரும்பும் மணப்பெண், நேர்காணலுக்குச் செல்லும் இளைஞர், வகுப்பில் தம்மைவிட உயர்ந்த மாணவர்களுக்கு முன் நின்று பாடம் நடத்தும் ஆசிரியை எனப் பலரும் சற்று உயரமாகத் தோன்ற விரும்புகின்றனர். இவ்விருப்பம் புதியதன்று, நகைப்பிற்குரியதும் அன்று. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் குதிகால் உயர்ந்த காலணிகளை அரசர்களும் பிரபுக்களும் விரும்பி அணிந்தனர். பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியின் சிவப்புக் குதிகால் காலணிகளை அவருடைய ஓவியங்களில் இன்றும் காணலாம்.

எங்கள் வெளிநோயாளர் பிரிவிற்கு முன்பாத வலி, கணுக்கால் சுளுக்கு, குதிகால் வலி ஆகியவற்றோடு வருபவர்களுள் சிலர் இத்தகைய காலணிகளை அணிபவர்கள். கூச்சத்தினால் அதை அவர்கள் சொல்வதில்லை. காலணியின் உள்ளே மறைத்து வைத்த மெத்தையைப் பற்றி நாமாகக் கேட்டால்தான் தெரிய வருகிறது. கூச்சம் வேண்டியதில்லை. காரணம் தெரிந்தால்தான் சரியான தீர்வைக் கூற இயலும்.

மூன்று வகைகள்

முதல் வகை, குதிகால் மட்டும் உயர்ந்த ஹை ஹீல்ஸ் காலணி. இரண்டாவது, குதிகாலுடன் முன்பகுதியும் தடித்த பிளாட்ஃபார்ம் காலணி. மூன்றாவது, வெளியே தெரியாமல் காலணிக்குள் வைக்கப்படும் இன்சோல் எனும் உள்மெத்தை. ஆண்கள் பெரும்பாலும் இம்மூன்றாவது வகையையே நாடுகின்றனர்.

ஐந்து சென்டிமீட்டர் குதிகால் ஐந்து சென்டிமீட்டர் உயரத்தைத் தரும் என்று பலரும் நினைக்கின்றனர். உண்மை அதுவன்று. உடலின் எடையைத் தாங்கும் கணுக்கால் மூட்டு, குதிகாலின் பின்விளிம்பிற்கு நேர்மேலே இல்லை. சற்று முன்னால் தள்ளி அமைந்துள்ளது. ஆகவே குதிகால் 5 செ.மீ. உயர்ந்தாலும் கணுக்கால் அதைவிடக் குறைவாகவே உயரும். நிற்கும்போது முழங்கால் சற்று மடங்கினால் இன்னும் சிறிது குறையும்.

கவனிக்க வேண்டிய மற்றொன்று, முன்பகுதிக்கும் குதிகாலுக்கும் உள்ள உயர வேறுபாடு. குதிகால் 5 செ.மீ., முன்பகுதி 3 செ.மீ. எனில் பாதத்தின் சரிவு 2 செ.மீ. மட்டுமே. முன்பகுதி தட்டையாக இருந்து குதிகால் மட்டும் 5 செ.மீ. உயர்ந்தால் சரிவு செங்குத்தாகிறது. பாதம் சிறியதாக இருந்தால் அதே குதிகால் மேலும் செங்குத்தான சரிவைத் தரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

வெறுங்காலுடன் நிற்கும்போது உடல் எடையின் பெரும்பங்கைக் குதிகால் தாங்குகிறது. குதிகால் உயர உயர, அச்சுமை முன்பாதத்திற்கு நகர்கிறது. அங்குள்ள மெல்லிய எலும்புகளின் முனைகள் அழுந்துவதால் எரிச்சல், காய்ப்பு, கால் ஆணி ஆகியவை தோன்றுகின்றன. காலணியின் முனை குறுகலாகவும் இருந்தால் விரல்கள் நெருக்குண்டு, பெருவிரல் கோணலாகும் குறைபாடு மிகலாம். விரல்களுக்கிடையே செல்லும் நரம்பு தடித்து, கூழாங்கல்லை மிதித்தது போன்ற வலி உண்டாகலாம்.

கெண்டைக்கால் தசை சுருங்கிய நிலையிலேயே நீண்ட நேரம் இருப்பதால் நாளடைவில் அதன் இழைகள் குட்டையாகின்றன. குதிகாலோடு அதை இணைக்கும் நாண் விறைப்படைகிறது. பல ஆண்டுகள் ஹை ஹீல்ஸ் அணிந்த பெண்களிடம் செய்யப்பட்டு 2010-இல் வெளியான ஓர் ஆய்வு இதை உறுதி செய்தது. அதனால்தான் இவர்கள் காலணியைக் கழற்றி வீட்டில் வெறுங்காலுடன் நடக்கும்போது கெண்டைக்கால் இழுப்பதாகக் கூறுகின்றனர்.

கணுக்காலின் நிலைத்தன்மையும் குறைகிறது. மூட்டில் பொருந்தியிருக்கும் எலும்பு முன்புறம் அகலமாகவும் பின்புறம் குறுகலாகவும் அமைந்தது. குதிகால் உயரும்போது குறுகிய பகுதியே மூட்டிற்குள் நிற்பதால் பிடிப்புத் தளர்கிறது. பள்ளமும் மேடுமான நடைபாதையில் சுளுக்கு ஏற்பட இதுவே வாய்ப்பளிக்கிறது. முழங்கால் மூட்டின் மீது விழும் சுமையும் கூடுவதால், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு வலி மிகலாம்.

சாதாரண ஷூவிற்குள் தடித்த உள்மெத்தையை வைப்பதில் தனிச் சிக்கல் உண்டு. குதிகால் மேலெழுந்து காலணியின் பின்சுவரிலிருந்து வெளியேறப் பார்க்கும்; விரல்கள் முன்னோக்கிச் சறுக்கி நெருக்குண்ணும்.

முற்றிலும் தவிர்க்க வேண்டியவர்கள்

நீரிழிவினால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் இக்காலணிகளை அணியவே கூடாது. வலி தெரியாததால் அழுத்தப் புண் உருவாவதை அவர்கள் அறிவதில்லை; அப்புண் எலும்பு வரை பரவிய பின்னரே மருத்துவமனைக்கு வருபவர்கள் உண்டு. விரலை இழக்கும் நிலை பெரும்பாலும் இவ்வாறு ஒரு சிறிய புண்ணிலிருந்தே தொடங்குகிறது. உங்களுக்கு உணர்வு குறைந்துள்ளதா என்பதை மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுச் சில நிமிடங்களில் அறியலாம்.

கால்களில் இரத்த ஓட்டம் குறைந்தவர்கள், அடிக்கடி தடுமாறி விழும் முதியோர், எலும்பு வலுவிழந்தவர்கள், கருவுற்ற தாய்மார், அண்மையில் கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோரும் தவிர்க்க வேண்டும்.

ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக இருப்பவர்களுக்கு நாங்களே ஒருபக்கக் காலணியை உயர்த்தித் தருவதுண்டு. அது அளந்து தரப்படும் சிகிச்சை. அதனை அழகிற்கான உள்மெத்தையோடு குழப்பிக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள்.

அணிய விரும்புவோர்க்கு

• அன்றாடப் பயன்பாட்டிற்கு 2 முதல் 3 செ.மீ. உயரமும் அகலமான அடிப்பகுதியும் போதும். அதற்கு மேற்பட்டவற்றை விழா நாள்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.
• பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். அந்நேரத்தில் காலணி வாங்குங்கள். நீண்ட விரலுக்கு முன் ஏறத்தாழ 1 செ.மீ. இடம் இருக்கட்டும்.
• பேருந்து, படிக்கட்டு, நீண்ட நடை ஆகியவற்றிற்குத் தட்டையான காலணியை அணிந்து, சென்று சேர்ந்தபின் மாற்றிக்கொள்ளுங்கள். இவற்றை அணிந்து இருசக்கர வாகனம் ஓட்ட வேண்டாம்.
• சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தி 30 விநாடி நில்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் மும்முறை, நாள்தோறும் செய்யுங்கள்.
• பல ஆண்டுகள் அணிந்தவர்கள் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். குதிகால் நாண் திடீரென இழுபட்டு வலிக்கும். சில வாரங்களில் உயரத்தைப் படிப்படியாகக் குறையுங்கள்.
• ஓய்வெடுத்தும் ஒரு வாரத்திற்கு மேல் வலியோ மரத்துப்போதலோ நீடித்தால் மருத்துவரை அணுகுங்கள்.

மருத்துவமனையில் உயரம் அளக்கும்போது

காலணியையும் உள்மெத்தையையும் கழற்றிவிட்டே நில்லுங்கள். 67 கிலோ எடையும் 160 செ.மீ. உயரமும் உடையவரின் உடல் நிறைக் குறியீடு 26.2. அவர் 165 செ.மீ. எனப் பதிவானால் அது 24.6 ஆகக் குறைந்து காட்டும். செயற்கைச் சுவாசக் கருவி ஒவ்வொரு மூச்சிலும் செலுத்தும் காற்றின் அளவையும் உயரத்தைக் கொண்டே கணக்கிடுகிறோம். சிறிய பொய்யளவு இங்கே சிறியதாக நிற்பதில்லை.

முதியோர் தம் இளமை உயரத்தைவிட 4 செ.மீ. அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால், அது முதுகெலும்பு அமுங்கி முறிந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அந்தக் குறையைக் காலணியால் ஈடுசெய்வதை விடுத்துப் பரிசோதனைக்கு வாருங்கள். மேலும் முறிவு ஏற்படாமல் தடுக்க மருந்துகள் உள்ளன.

பெற்றோர்க்கு ஒரு சொல்

எலும்பின் வளர்தட்டு மூடிய பின் எந்தக் காலணியும், பொடியும், பயிற்சியும் எலும்பை நீட்டா. பிள்ளை வயதிற்குரிய வளர்ச்சி பெறவில்லை என்று தோன்றினால், காலணியில் உயரம் தேடாமல் இளவயதிலேயே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்தட்டு மூடுவதற்கு முன் மட்டுமே பயனளிக்கும் சிகிச்சைகள் சில உண்டு. காலம் கடந்தால் அவ்வாய்ப்பு திரும்புவதில்லை. வீட்டில் பிள்ளையைக் ‘குள்ளன்’, ‘குட்டை’ என அழைக்கும் வழக்கம் இருந்தால் அதை இன்றே விட்டுவிடுங்கள். பதினாறு வயதில் உள்மெத்தையைத் தேடி அலையும் பிள்ளைகளுள் பலர் அச்சொற்களைக் கேட்டு வளர்ந்தவர்களே.