விமானமில்லாத விமானந்தாங்கி: எமது கடலடியில் கிடக்கும் பாடம்

கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் பாசிக்குடாவுக்குச் சுழியோடிகள் வந்து சேர்வார்கள். எங்கள் பகுதிப் பொடியன்மாரின் படகை அமர்த்திக்கொண்டு, 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்ற எண்ணெய்க் கப்பலைப் பார்க்கப் போவார்கள். கைதேர்ந்தவர்கள் மட்டக்களப்புக்குப் போய், 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கும் 'ஹேர்மிஸ்' கப்பலைத் தேடி இறங்குவார்கள். இரண்டுமே 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டவை.

ஹேர்மிஸ் சாதாரண கப்பலல்ல. விமானந்தாங்கி என்றே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல்.

இத்தனை பணத்தைக் கொட்டி நாடுகள் ஏன் இப்படியான கப்பல்களைக் கட்டுகின்றன? விமானம் எரிபொருள் உள்ளவரைதான் பறக்கும். தரையிலுள்ள விமான நிலையத்தைத் தூக்கிச் செல்ல முடியாது. விமானந்தாங்கியோ மிதக்கும் விமான நிலையம். அடுத்த நாட்டிடம் இடம் கேட்காமல், வேண்டிய கடலுக்கு விமானப் பலத்தைக் கொண்டுபோகும். நோக்கம் சண்டை மட்டுமல்ல. தன் வியாபாரக் கப்பல்களுக்குக் கடற்பாதையைத் திறந்து வைப்பதும், எதிரிக்கு அதை மூடுவதும்தான். 1971 டிசம்பரில் இந்தியாவின் 'விக்ராந்த்' வங்காள விரிகுடாவில் நின்று, சிட்டகொங், கொக்ஸ் பஜார் துறைமுகங்களைத் தாக்கி அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கடல்வழியை அடைத்தது.

1942இல் அடைபட்டது எமது வழி. ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிகள் ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பையும், 9ஆம் திகதி திருகோணமலையையும் தாக்கின. அதே நாட்களில் இன்னொரு ஜப்பானிய அணி வங்காள விரிகுடாவில் 20க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கை, மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்ததுமே தட்டுப்பாட்டில் விழுந்திருந்தது. அரிசியைப் பங்கீட்டில் வாங்கிய கதையை மூத்தவாப்பாமார் சொல்லக் கேட்டவர்கள் நம்மில் பலர்.

அந்த வேளையில் ஹேர்மிஸ் என்ன செய்தது? தாக்குதல் வருகிறதென்று அறிந்து, முதல்நாள் இரவே திருகோணமலையை விட்டு வெளியேறியிருந்தது. அதன் விமானங்களோ சீனன்குடாவில் தரையில் நின்றன. அவை இருந்திருந்தாலும், வானில் எதிரியை மறிக்கும் சண்டை விமானங்கள் அல்ல. கூடவே வந்த போர்க்கப்பல் 'வம்பயர்' ஒன்றுதான். உதவிக்கு அனுப்பிய விமானங்கள் பிந்தியே வந்தன. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. ஹேர்மிஸில் மட்டும் 307 பேர் மாண்டனர். தப்பியவர்களில் பெரும்பாலானோரை 'வீட்டா' என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் காப்பாற்றியது.

நமக்கான பாடம் இங்கேதான். விமானமில்லாத விமானந்தாங்கி வெறும் இரும்பு. கடனெடுத்து மூன்று மாடிக் கடை கட்டிவிட்டு, சரக்கு போடக் கையில் காசில்லாமல் நிற்கும் முதலாளிமாரை நமது வீதிகளிலேயே காண்கிறோம். கட்டடம் கப்பல், சுழலும் முதல்தான் விமானம்.

இன்னொன்றும் உண்டு. பெரிய கப்பல் காவல் நின்றாலும் பாதை பத்திரமாகிவிடாது. 2023 நவம்பர் முதல் செங்கடலில் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கியபோது, அமெரிக்காவின் 'ஐசன்ஹவர்' விமானந்தாங்கி அங்கே நின்றது. அப்படியிருந்தும் கப்பல் கம்பனிகள் பல ஆபிரிக்காவைச் சுற்றியே போயின. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. கட்டணமும் காப்புறுதியும் ஏறின. ஐரோப்பாவுக்குப் போகும் நமது தேயிலையும் ஆடையும் அதில் அகப்பட்டன.

நமது கடைத் தட்டுகளை நிரப்பும் கடற்பாதைகளை நாம் காவல் காக்க முடியாது. நம் கையில் உள்ளதைச் செய்யலாம். ஒரே துறைமுகத்தை, ஒரே இறக்குமதியாளரை நம்பியிராதீர்கள். வேகமாக விற்கும் சரக்கில் ஒரு மாதக் கையிருப்பு மேலதிகமாக வைத்திருங்கள். ஓடர் கொடுக்குமுன் கட்டணத்தோடு காப்புறுதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். உதவி பிந்தி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு, மட்டக்களப்புக் கடலடியில் ஹேர்மிஸ் சாட்சியாகக் கிடக்கிறது.