தோள்பட்டை ஸ்கேன்: 'கிழிசல்'னு ரிப்போர்ட் வந்தா ஆட்டம் முடிஞ்சுதா?

ஞாயிற்றுக்கிழமை பேட்மிண்டன் ஆடி வலது தோள்பட்டையைக் கெடுத்துக்கிட்டேன். ஸ்மாஷ் அடிக்கக் கையைத் தூக்கினாலே உள்ளே சுருக்குன்னு குத்தும். டாக்டர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ஸ்கேன்னா வயித்துல குழந்தை பார்க்கிறதுதானேன்னு சிரிச்சேன். ரிப்போர்ட்டில் 'டெண்டனில் பகுதி கிழிசல்' என்று பார்த்ததும் சிரிப்பு நின்னுபோச்சு. இனிமே ஆடவே முடியாதோன்னு ரெண்டு நாள் தூக்கமில்லை. அந்தப் பயத்தில் தேடித் தேடிப் படிச்சதுதான் இன்னைக்கு எபிசோடு.

பின் பாக்கெட் ரகசியம்

தோள் மூட்டு, ஆழமில்லாத ஒரு கிண்ணத்தில் பெரிய பந்தை வச்ச மாதிரி. பந்து நழுவாமல் பிடிச்சுக்கிறது ரொட்டேட்டர் கஃப் என்கிற நாலு தசைகள். தசையை எலும்போடு கட்டி வைக்கிற கயிறுதான் டெண்டன். கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆடுறவங்களுக்கு அதிகம் அடிபடுவது, மேலே இருக்கிற சுப்ராஸ்பைனேட்டஸ் டெண்டன்.

ஸ்கேன் அறையில், "பின் பாக்கெட்டில் கையை வைங்க"ன்னு சொன்னாங்க. காரணம் இருக்கு. ஒலி அலை எலும்பைத் தாண்டிப் போகாது. இந்த டெண்டனில் ஒரு பகுதி எலும்புக்கு அடியில் ஒளிஞ்சிருக்கும். கையை அப்படிப் பின்னால் கொண்டுபோனால் அது முன்னால் வந்து தெரியும்.

அசைவும் பார்க்கலாம்

எம்.ஆர்.ஐ.யில் அசையாமல் படுத்திருக்கணும். இதில் நீங்க கையைத் தூக்கத் தூக்க, டெண்டன் எலும்புக்கு அடியில் வழுக்கிப் போவதை அப்பவே திரையில் பார்க்கலாம். வலிக்கிற இடத்திலேயே ப்ரோபை வைக்கலாம். அடுத்த நிமிஷமே நல்லா இருக்கிற தோளையும் பார்த்து ஒப்பிடலாம்.

ஆனால் ஒரு பொறி இருக்கு. டெண்டன் இழைகளுக்கு நேர் செங்குத்தாக ஒலி விழணும். ப்ரோப் கொஞ்சம் சாய்ந்தாலும், நல்ல டெண்டனே கறுப்பாக, கிழிஞ்ச மாதிரி தெரியும். அதனால் மெஷினைவிட அதைப் பிடிக்கிற கை முக்கியம்.

ஹார்டுவேரா, சாஃப்ட்வேரா?

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. பேஸ்பால் பிட்சர்களுக்கு, வீசுற கை வெளிப்பக்கம் அதிகமாகத் திரும்பும், உள்பக்கம் குறைவாகத் திரும்பும். மூட்டுக்குப் பின்னால் இருக்கிற சதை இறுகியிருக்கலாம். இல்லைன்னா எலும்பே அப்படி இருக்கலாம். பிறக்கும்போது மேல்கை எலும்பின் தலை பின்பக்கமாகத் திரும்பியிருக்கும், வளர வளர அந்த முறுக்கு குறையும். சின்ன வயசிலிருந்தே பந்து வீசினால் அந்த முறுக்கு முழுசாகக் குறையாது.

எது காரணம்னு ஸ்கேன் காட்டும். மேல்கை எலும்பின் முன்பக்கம் பைசெப்ஸ் டெண்டன் ஓடுற பள்ளம் ஒண்ணு இருக்கு. அது நேர் மேலே பார்க்கிற வரை கையைத் திருப்பி, முன்கை எத்தனை டிகிரி சாய்ஞ்சிருக்குன்னு ரெண்டு கையிலும் அளப்பாங்க. வித்தியாசம் எலும்பிலேயே இருந்தால், எவ்வளவு ஸ்ட்ரெட்ச் பண்ணினாலும் அது மாறாது. நாங்க சொல்ற மாதிரி, ஹார்டுவேர் பிரச்சினைக்குக் கோடை மாத்தி என்ன பிரயோஜனம்?

ஸ்கேன் சொல்லாதது

கிண்ணத்தின் விளிம்பில் இருக்கிற லேப்ரம் இதில் முழுசாகத் தெரியாது. அதுக்கு எம்.ஆர்.ஐ. வேணும். இன்னொரு விஷயம்தான் என் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2003-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், தோள் வலியே இல்லாத 20 முன்னணி விளையாட்டு வீரர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. அதில் 8 பேருக்கு, ஆடுற கையின் தோளில் கிழிசல் மாதிரி தெரிந்தது. மறு கையில் ஒருத்தருக்கும் இல்லை. அஞ்சு வருஷம் கழிச்சு விசாரிச்சப்பவும் அந்தத் தோளில் தொந்தரவு இருக்குன்னு யாரும் சொல்லலை.

அதாவது, படத்தில் கிழிசல் தெரியுது என்பதாலேயே வலிக்கு அதுதான் காரணம்னு முடிவு பண்ண முடியாது. என் டாக்டரும் ரிப்போர்ட்டோடு நிறுத்தலை. கையை அழுத்திப் பார்த்தார், பலத்தைச் சோதித்தார், அப்புறம்தான் உடற்பயிற்சி எழுதினார்.

உங்க கையிலும் இப்படி ஒரு ரிப்போர்ட் இருந்தால் மூணு கேள்வி கேளுங்க: என் வலி இருக்கிற இடமும் இந்தக் கிழிசலும் ஒண்ணுதானா? மறு தோளையும் பார்த்தீங்களா? கையை அசைச்சுப் பார்த்தீங்களா?

என் ஸ்மாஷ் இன்னும் முழுசாகத் திரும்பலை. ஆனால் ராக்கெட்டை விக்கிற எண்ணத்தை விட்டுட்டேன். அடுத்த வாரம் சந்திப்போம்!