பந்தடி வீரரின் உச்ச வயது

மும்பை, கொல்கத்தா மைதானங்களில் கிரிக்கெட்டைக் கண்டு பழகிய நேயர்களுக்கு அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டம் சற்றுப் புதிதாகத் தோன்றலாம். அதிலும் ஒருவர் பந்தை எறிகிறார். மற்றொருவர் மட்டையால் அடிக்கிறார். ஆனால் பந்து தரையில் பட்டு எழுவதில்லை; நேரே பறந்து வருகிறது. எறிபவரின் மேடைக்கும் அடிப்பவரின் தளத்துக்கும் இடையே 60 அடி 6 அங்குலமே தொலைவு. மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து அடிப்பவரை அடைய ஏறத்தாழ 0.4 விநாடிதான் ஆகிறது. அடிப்பதா, விடுவதா என்னும் முடிவும், மட்டையின் வீச்சும் அதற்குள் நிகழ்ந்தாக வேண்டும். இத்தகைய கலையில் ஒருவர் எந்த வயதில் உச்சியை எட்டுகிறார்?

28 வயது முதல் 32 வரை என்பதே நெடுங்காலம் நிலவிய எண்ணம். கான்சாஸ் மாநிலத்தில் ஓர் உணவுத் தொழிற்சாலையின் இரவுக் காவலராக இருந்துகொண்டே ஆட்டக் கணக்குகளை ஆராய்ந்த பில் ஜேம்ஸ் என்பார், 1982 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இதனை மறுத்தார். உச்ச வயது 27 என்பதும், முப்பதுக்குப் பின் இறக்கமே என்பதும் அவர் கண்ட முடிவுகள்.

இதைக் கணக்கிடுவது எளிதன்று. 36 வயதில் ஆடுவோரின் சராசரியை மட்டும் பார்த்தால் அது உயர்வாகவே தோன்றும். காரணம், சாதாரண வீரர் அனைவரும் அவ்வயதுக்கு முன்னரே விலக்கப்பட்டு, மிகச் சிறந்தோரே எஞ்சியிருப்பர். ஆகவே, ஒரே வீரரின் அடுத்தடுத்த இரு ஆண்டுகளை ஒப்பிடுவது நலம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நல்வாய்ப்பால் ஓராண்டு மிகச் சிறப்பாக ஆடியவர் மறு ஆண்டும் இடம் பெற்று, இயல்பு நிலைக்குத் திரும்புவார்; வாய்ப்புக் கெட்டவரோ திரும்பி வருவதே இல்லை. எனவே தேய்வு மிகைப்பட்டுத் தோன்றும். பிராட்பரி என்னும் பொருளியல் அறிஞர், நெடுங்காலம் ஆடியோரை மட்டும் எடுத்துக்கொண்டு, 29 என்று 2009 இல் கண்டார். நெடுநாள் நிலைத்தோர் மெல்லத் தேய்பவர் அல்லவா? 27க்கும் 29க்கும் இடைப்பட்ட வேறுபாட்டில் பெரும்பகுதி, யாரை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது என்றே கருதத் தோன்றுகிறது.

உண்மையில் உச்சம் ஒன்றன்று. கால்களின் வேகம் முதலில் குறைகிறது. பந்தைத் தொலைவுக்கு அடிக்கும் வலிமை இருபதுகளின் பிற்பகுதியில் ஓங்கி நிற்கிறது. எல்லைக்குப் புறம்பான பந்து நான்கு வந்தால் அடிக்காமலே முதல் தளத்தை அடையலாம். அத்தகைய பந்துகளை விட்டுவிடும் பொறுமை முப்பதைக் கடந்தும் வளர்கிறது. கண்ணும் அனுபவமும் கையின் தளர்ச்சியை ஓரளவு ஈடு செய்கின்றன. டெட் வில்லியம்ஸ் 1941 இல் .406 என்னும் அடி விகிதம் பெற்றவர். 1957 இல், 39 வயதை எட்டிய ஆண்டில்,.388 பெற்றார். ஆனால் அவர் போன்றோரை அளவுகோலாகக் கொள்ளலாகாது.

இவ்வினாவின் பின்னே பெரும்பொருள் நிற்கிறது. முதன்மைக் கழகங்களில் 6 ஆண்டுகள் ஆடிய பின்னரே ஒரு வீரர் தாம் விரும்பும் கழகத்துடன் உரிமையோடு பேரம் பேசலாம். அதற்குள் பலர் முப்பதை நெருங்கிவிடுகின்றனர். ஊதியம் குறைந்த காலமே ஆற்றல் மிகுந்த காலம். இது வீரர்களுக்கு அநீதி என்றே தோன்றுகிறது. கழகங்களும் இதனால் இழப்பதுண்டு. செயின்ட் லூயிஸ் கழகத்தில் 11 ஆண்டுகளில் 445 ஹோம் ரன் அடித்த ஆல்பர்ட் புஹோல்ஸை, 2011 டிசம்பரில், அவருக்கு 32 வயது நிறையும் தறுவாயில், ஏஞ்சல்ஸ் கழகம் 10 ஆண்டுகளுக்கு 24 கோடி டாலர் தந்து ஒப்பந்தம் செய்தது. அங்கே ஓராண்டிலேனும் அவருடைய அடி விகிதம் .300 ஐத் தொடவில்லை. ஒப்பந்தம் முடியுமுன், 2021 மே மாதத்தில், அக்கழகம் அவரை விடுவித்தது. 2022 இல் அவர் பழைய கழகத்துக்கே திரும்பினார். தமக்கு இசைவான இடக்கை வீச்சாளர்கள் எதிர்ப்பட்ட நாட்களிலேயே மிகுதியும் களமிறங்கி, 42 வயதில் 24 ஹோம் ரன் அடித்து, மொத்தம் 703 என்ற கணக்குடன் ஓய்வு பெற்றார்.