பொலிஸ்காரருக்கும் ஓய்வு நாள்

'நலன்புரி' என்ற சொல் எமக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் தறப்பாள் கொட்டில்களிலும் நாம் இருந்த காலத்தில், அந்த இடங்களுக்கு நலன்புரி நிலையம் என்றுதான் பலகை போட்டிருந்தார்கள். பலகையில் எழுதியிருப்பது எல்லாம் உள்ளே இருப்பதில்லை என்பதையும் அங்கேதான் கற்றுக்கொண்டோம். இக்கட்டுரை வேறொருவரின் நலன்புரியைப் பற்றியது. எமது அடையாள அட்டையை வாங்கிப் பார்க்கிற, எமது முறைப்பாட்டை எழுதுகிற பொலிஸ்காரரின் நலன்புரி அது.

அவர்களுடைய நலனைப் பற்றி நாம் ஏன் அறியவேண்டும் என்று சிலர் கேட்கலாம். அவர்களால் துன்பப்பட்ட வீடுகளில் அக்கேள்வி எழுவது இயல்பே. ஆனால் அதற்கான விடை கமக்காரர் எவருக்கும் தெரிந்ததுதான். மத்தியானம் அவிழ்த்துவிடாமல், தண்ணீர் காட்டாமல், நுகம் உரஞ்சிய புண்ணுக்கு மருந்து போடாமல் தொடர்ந்து பூட்டிய எருது என்ன செய்யும்? முதலில் சால் கோணும். பிறகு படுத்துவிடும். அல்லது கிட்ட நிற்பவனை உதைக்கும். காணிச் சொந்தக்காரர் வரம்பில் நிற்பார்; உதை வாங்குபவன் கலப்பை பிடித்தவன். உழைக்கிற உடம்பு எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது. பொலிஸ்காரரின் களைப்புக்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் அவருடைய மேலதிகாரிகள் அல்லர். அவருக்கு முன்னால் நிற்கிற சனங்கள்தான்.

இதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. 1997இல் அவுஸ்திரேலியாவில் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும் இயங்கும் விதம், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. 24 மணித்தியாலம் விழித்திருந்தால் அது 0.10 வீதத்துக்குச் சமம். அந்த நிலையில் வாகனம் ஓட்டுபவரைப் பல நாடுகளில் பிடித்து வழக்குப் போடுவார்கள். ஆனால் அதே நிலையில் இருப்பவரிடம் துவக்கும் சாவிக்கொத்தும் கொடுத்துக் கடமைக்கு நிறுத்துவதைக் குற்றமாக எவரும் எண்ணுவதில்லை.

2011இல் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறைய 5,000 பொலிஸாரிடம் இன்னோர் ஆய்வு நடைபெற்றது. அவர்களில் நூற்றுக்கு 40 பேரிடம் ஏதாவதொரு நித்திரைக் கோளாறின் அறிகுறி காணப்பட்டது. அவ்வாறானவர்கள் வாகனம் ஓட்டும்போது கண்ணயர்வதும், கடமையில் பாரதூரமான பிழை விடுவதும், பொதுமக்கள் மீது அடக்கமுடியாத கோபத்தைக் காட்டுவதும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. சோதனைச் சாவடியில் ஒரே கேள்விக்கு மூன்று தரம் பதில் சொல்லி ஏச்சும் வாங்கியவர்கள், இந்தக் கடைசி விடயத்தை ஆய்வு இல்லாமலே நம்புவார்கள். (களைப்பு ஒரு காரணம் என்று சொல்கிறோம், அதுவே மன்னிப்பு என்று சொல்லவில்லை.)

எமது நாட்டுப் பொலிஸ் சேவை ஆங்கிலேயர் அமைத்தது. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டமும், 1866இல் தலைமைப் பொறுப்பை ஏற்ற கம்பெல் என்பவரும் அதற்கு அடித்தளமிட்டனர். ஆகவே அந்த ஆங்கிலேயர் தமது சொந்த நாட்டில் பொலிஸ்காரரை எப்படி நடத்தினார்கள் என்பதைப் பார்ப்பது பயனுள்ளது.

இலண்டன் மாநகரப் பொலிஸ் 1829 செப்ரெம்பரில் கடமையைத் தொடங்கியது. கான்ஸ்டபிளின் சம்பளம் வாரத்துக்கு 21 சிலிங். வாரத்தில் ஏழு நாளும் வேலை. மழையிலும் பனியிலும் இரவிரவாக நடை. முதலாம் இலக்கத்தைப் பெற்ற கான்ஸ்டபிள் முதல் நாளிலேயே குடிபோதைக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டார். அடுத்த சில வருடங்களில் அதே காரணத்துக்காகப் போனவர்களுக்குக் கணக்கில்லை. ஒழுக்கம் கெட்ட ஆட்கள் என்று அக்காலத்தில் சொன்னார்கள். ஆட்களை மாற்றி மாற்றிச் சேர்த்தார்கள். வேலையின் விதத்தை மாற்ற எவரும் எண்ணவில்லை.

மாற்றம் மெதுவாகவே வந்தது. கதரின் கேர்னி என்ற அம்மையார் 1890இல் கடற்கரைப் பட்டினமான ஹோவ் என்ற இடத்தில் நோயுற்ற பொலிஸாருக்கு ஒரு தேறுதல் இல்லத்தையும், 1898இல் ஹாரோகேற்றில் இன்னொன்றையும், பொலிஸாரின் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதியையும் திறந்தார். 1890இல்தான் 25 வருட சேவைக்குப் பின் ஓய்வூதியம் பெறுவது சட்டப்படியான உரிமையாயிற்று. அதற்கு முன் அது மேலிடத்தின் தயவு. 1893இல் ஜோன் கெம்ப்ஸ்ரர் என்பவர் பொலிஸாருக்கென்று ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டுமென்று வருடக்கணக்காக எழுதினார். ஒரேயொரு நாள்! அதற்கான சட்டம் 1910இல் நிறைவேறியது. அதையும் உடனே நடைமுறைப்படுத்தாமல் நான்கு வருட அவகாசம் கொடுத்தார்கள். நான்கு வருடம் முடிய 1914. முதலாம் உலகப் போர் வந்துவிட்டது. கிடைத்த ஓய்வும் பல இடங்களில் பறிபோயிற்று. போர் வந்தால் உரிமைகள் முதலில் கழன்றுபோகும் என்பதை எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

விலைவாசி ஏறியது, சம்பளம் ஏறவில்லை. சங்கம் அமைக்க முயன்ற தீல் என்ற கான்ஸ்டபிள் வேலைநீக்கம் செய்யப்பட்டார். 1918 ஓகஸ்ட் 30ஆம் திகதி இலண்டன் பொலிஸாரில் பெரும்பாலானோர் வேலைநிறுத்தம் செய்தனர். அடுத்த நாளே பிரதமர் லொயிட் ஜோர்ஜ் அவர்களுடைய பிரதிநிதிகளைச் சந்தித்தார். சம்பளம் கூட்டப்பட்டது, விதவைகளுக்கு ஓய்வூதியம் வந்தது, தீல் மீண்டும் சேர்க்கப்பட்டார். சங்கம் மட்டும் அங்கீகரிக்கப்படவில்லை. 1919இல் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தார்கள். லிவர்பூல் நகரில் அது கடுமையாக இருந்தது. இம்முறை அரசாங்கம் வளையவில்லை. வேலைநிறுத்தம் செய்த 2,000 இற்கும் மேற்பட்டவர்கள் வேலையையும் ஓய்வூதியத்தையும் இழந்தார்கள். ஒருவரையும் திரும்ப எடுக்கவில்லை. அதே வருடத்துச் சட்டம் பொலிஸாருக்குத் தொழிற்சங்கத்தைத் தடைசெய்து, அதற்குப் பதிலாக வேலைநிறுத்த உரிமையில்லாத ஒரு சம்மேளனத்தை அமைத்தது. டெஸ்பரோ பிரபுவின் தலைமையிலான குழு, நாடு முழுவதற்கும் ஒரே சம்பளத் திட்டத்தைப் பரிந்துரைத்தது. புதிய கான்ஸ்டபிளுக்கு வாரத்துக்கு 70 சிலிங். இந்த நன்மையை அனுபவித்தவர்கள் பிறகு வந்தவர்கள். அதற்காக வீதிக்கு இறங்கியவர்களின் வீடுகளுக்கு அது போய்ச் சேரவில்லை.

இவ்வளவும் உடம்புக்கும் வயிற்றுக்கும் கிடைத்தவை. மனதுக்கும் காயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள இன்னும் பல பத்து வருடங்கள் சென்றன. 1989 ஏப்ரல் 15ஆம் திகதி ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ உதைபந்தாட்ட மைதானத்தில் சனநெரிசல் ஏற்பட்டது. 97 உயிர்கள் பறிபோயின. கம்பி வேலிக்குள் நசிந்தவர்களை இழுத்தெடுத்து மூச்சுக் கொடுக்க முயன்ற பொலிஸாரில் பலர் பின்னர் மனநோய்க்கு ஆளானார்கள். நட்டஈடு கோரி வழக்குப் போட்டார்கள். 1998 டிசெம்பரில் பிரபுக்கள் சபையின் நீதியரசர்கள் அதைத் தள்ளுபடி செய்தனர். அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று சிந்திக்கத்தக்கது: அதே நெரிசலில் தம்பியை, மகனை இழந்த குடும்பத்தவர்கள் தமது மனக்காயத்துக்குப் போட்ட வழக்குகள் 1991இல் தோற்றிருந்தன. அவர்களுக்கு இல்லாததைப் பொலிஸாருக்குக் கொடுத்தால் சாதாரண மனிதர் அதை நீதியென்று ஏற்பாரா?

எமது எண்ணத்தில் அந்தத் தீர்ப்பு ஒரு காயத்தை இன்னொரு காயத்தால் மறைத்தது. ஆனால் குடும்பத்தவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. நெரிசலுக்குப் பொலிஸாரின் கட்டுப்பாட்டுத் தவறே முக்கிய காரணம் என்று விசாரணையில் வெளிவந்திருந்தும், பழி பல வருடங்களாக இறந்தவர்கள் மீதும் தப்பியவர்கள் மீதும் போடப்பட்டது. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், இரசிகர்கள் மீது தவறில்லை என்றும் 2016இல்தான் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். காணாமற்போன பிள்ளைக்காக வருடக்கணக்கில் படியேறும் தாய்மாருக்கு அந்த 27 வருடம் எவ்வளவு நீளமென்று தெரியும். கடமையில் இருந்தவரின் மனக்காயமும் உண்மை. அவருடைய திணைக்களத்தின் பொய்யும் உண்மை. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மூடவிடக்கூடாது.

இன்று இங்கிலாந்திலும் வேல்சிலும் பொலிஸாருக்கென்று தேசிய நலன்புரிச் சேவை ஒன்று உண்டு. 2019இல் தொடங்கிய அதற்கு 'ஒஸ்கார் கிலோ' என்று பெயர். வானொலித் தொடர்பில் 'ஓகே' என்ற இரண்டு எழுத்துக்களையும் சொல்லும் விதம் அது. கொடிய சம்பவத்துக்குப் போய் வந்தவரோடு பயிற்சிபெற்ற சக உத்தியோகத்தர் உட்கார்ந்து பேசுவதும், நிலையங்களுக்குப் பழக்கிய நாய்களைக் கொண்டுபோய் மனதை இலேசாக்குவதும் அங்கே நடக்கின்றன. (பொலிஸும் நாயும் என்றால் எமக்கு வேறு நினைவு வரும், அது கிடக்கட்டும்.) 2022இல் இயற்றிய சட்டத்தின்படி, பொலிஸாரினதும் அவர்களுடைய குடும்பத்தினரதும் நலன் பற்றி உள்துறை அமைச்சர் வருடந்தோறும் பாராளுமன்றத்துக்கு அறிக்கை வைக்கவேண்டும். எமக்கு நாயைவிட இந்த அறிக்கை பெரிதாகப்படுகிறது. எழுதிக் கொடுத்ததைத்தான் பிறகு கேட்கலாம்.

கடமை நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அமெரிக்காவில் டெற்றொயிற், ஆர்லிங்ரன் ஆகிய இரு நகரங்களின் பொலிஸாரை 8, 10, 12 மணித்தியால முறைகளில் பிரித்துப் பரீட்சித்தார்கள். முடிவுகள் 2011இல் வெளிவந்தன. 10 மணித்தியாலக்காரர் கூடுதலாக நித்திரை கொண்டார்கள். மேலதிக நேரவேலையும் அவர்களுக்குக் குறைவு. 12 மணித்தியாலக்காரரிடம் தூக்கக் கலக்கம் அதிகம். பணத்தைக் கொட்டாமல் நேர அட்டவணையைத் திருத்துவதாலும் பயன் உண்டு என்பதற்கு இது சான்று.

முன்னேற்றத்துக்கான வழி இன்னொரு விடயம். 1934இல் இலண்டனில் ட்ரென்சார்ட் பிரபு ஹென்டன் கல்லூரியைத் திறந்து, வெளியிலிருந்து இளைஞர்களை நேரே அதிகாரிகளாக்க முயன்றபோது, கீழ்நிலைப் பொலிஸார் கடுமையாக எதிர்த்தனர். 1939இல் அக்கல்லூரி மூடப்பட்டது. 1948இல் வந்த பொலிஸ் கல்லூரி, சேவையில் ஏற்கெனவே இருந்தவர்களை உயர்பதவிக்குப் பயிற்றியது. இலங்கையிலோ கான்ஸ்டபிள், உப பொலிஸ் பரிசோதகர், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் என்று நுழைவதற்கே மூன்று வாசல்கள் வைக்கப்பட்டன. கீழ்வாசலால் போனவர் மேலே வர நெடுங்காலம் எடுக்கும். இங்கேயும் பொலிஸார் தொழிற்சங்கம் அமைக்க முடியாது. ஆங்கிலேயர் தமது பொலிஸாருக்கு மாற்றாகக் கொடுத்த சம்மேளனம் போன்றதும் இங்கு உருவாகவில்லை. 2001இல் 17ஆவது திருத்தத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. நியமனம், இடமாற்றம், பதவியுயர்வு ஆகியவற்றைக் கவனிக்கவும், பொலிஸாருக்கு எதிராகப் பொதுமக்கள் கொடுக்கும் முறைப்பாடுகளை ஏற்கவும் அதற்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது. பொலிஸ்காரரின் முன்னேற்றமும் எமது முறைப்பாடும் ஒரே கூரைக்குக் கீழ் வைக்கப்பட்டமை தற்செயலானதாக இருக்கலாம், ஆனால் பொருத்தமானது.

காணி கையில் இல்லாத குடும்பங்களில், மகனோ மகளோ பொலிஸ் வேலைக்கு விண்ணப்பிக்க நினைப்பது இப்போது அரிதல்ல. சம்பளம் எவ்வளவு என்பதை விளம்பரத்திலேயே காணலாம். வாரத்தில் எத்தனை மணித்தியாலம் கடமை, ஓய்வு நாள் எழுத்தில் உண்டா, எந்த மொழியில் பயிற்சி, வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நியமனம், பதவியுயர்வுப் பரீட்சைக்கு எத்தனை வருடம் காத்திருக்கவேண்டும் என்பவற்றை, விண்ணப்பத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்னரே ஏற்கெனவே சேவையில் இருக்கும் தமிழ்க் கான்ஸ்டபிள் ஒருவரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.